கீரைக்குப் போன நல்ல பெயர்

என் வலது முழங்காலைக் குணப்படுத்தியது முடக்கத்தான் கீரை அல்ல. ஊசி! அடையாறில் ஓர் எலும்பு மருத்துவர் போட்ட ஊசியும், அதன்பின் அங்கே கற்றுக்கொடுத்த உடற்பயிற்சியும்தான். இரண்டு ஆண்டுகளாக மயிலாப்பூர் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்.

இதில் என்னய்யா பெரிய குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பொய்க்கு ஒரு விரல் பலியாகியிருக்கிறது. என்னுடையது அல்ல...

ஏன் சொன்னேன்? ஒரு வார இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதுபவன் நான். வயது ஐம்பத்து மூன்று. முட்டி லேசாக முனகினாலே ஊசிக்கு ஓடும் என் வயதுக்காரர்களைக் கிண்டலடித்து ஒரு முறை எழுதியிருந்தேன். அமோக வரவேற்பு. பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் என்னை நிறுத்தி நிறுத்திக் கைகுலுக்கினார்கள். என் முட்டியும் அதைப் படித்திருக்க வேண்டும்! அடுத்த மாதமே படியிறங்கும்போதெல்லாம் உள்ளே யாரோ அப்பளம் நொறுக்கும் சத்தம். சப்பணம் போட்டு உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மயிலாப்பூரிலேயே மருத்துவர்கள் உண்டு. ஆனால் மயிலாப்பூரிலேயே என் வாசகர்களும் உண்டே! ஆகவே முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அடையாறு போனேன்.

"தேய்மானம் சார்" என்றார் மருத்துவர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி. "ஆபரேஷன்லாம் இப்ப வேணாம். வெயிட்டைக் குறைங்க. தொடைத் தசையை பலப்படுத்துங்க. வீக்கம் அடங்க இன்னிக்கு ஒரு ஊசி போடறேன். ஆனா அது சில மாசம்தான் தாங்கும். எக்சர்சைஸை விட்டா திரும்ப இங்கதான் வரணும்."

முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அழுத்தி, பத்து எண்ண வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். மனைவியிடம் தியானம் என்றேன். தியானத்தில் எதற்கு எண்ணிக்கை என்று அவள் கேட்டிருந்தால் இந்த வாக்குமூலமே தேவைப்பட்டிருக்காது.

மூன்று மாதத்தில் நன்றாக நடந்தேன். எப்படி, எப்படி என்று எல்லோரும் துளைத்தார்கள். ஊசி என்று சொல்ல முடியுமா? மனைவி பால்கனித் தொட்டியில் முடக்கத்தான் வளர்த்துவந்தாள்; எப்போதாவது தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பாள். அந்தக் கொடியின் மீது பெருமையை ஏற்றிவிட்டேன். கீரை மறுப்பறிக்கை விடாதல்லவா?

அத்தோடு நின்றிருந்தால் நான் வெறும் அசடன். ஆனால் கற்பகத்திடமும் சொன்னேன்.

கற்பகம் என் மனைவிக்கு ரவிக்கை தைப்பவர். மந்தைவெளிச் சந்தொன்றில், வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு முக்காலி, ஏறுவதற்கு மூன்று உயரமான படிகள். துணி கொடுக்கப் போன என்னைப் பார்த்து வியந்தார்.

"இன்னா சார், போன தபா செவுத்தப் புட்ச்சிக்கினு ஏறுனீங்க... இப்ப ஜம்முனு வர்றீங்க?"

"வெறும் முடக்கத்தான்தான் கற்பகம். இங்கிலீஷ் மருந்தே தேவையில்லை!"

அந்த இரண்டாவது வாக்கியத்தை யார் கேட்டார்கள்? ஒரு வாக்கியத்தோடு நிறுத்தத் தெரியாதவன் எதற்கு எழுத வந்தேன்?

மெஷின் நின்றது. "எனக்கும் மூட்டு வலிதான் சார். ரெண்டு கை வெரல்லயும். காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரம் கைய மடக்க முடியாது. பெரியாஸ்பத்திரில வாரத்துக்கு ஒரு நாள் போட்டுக்கச் சொல்லி மாத்திரை குட்த்துக்கிறாங்க. போட்டா மறுநா பூரா வாந்தி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே முடக்கத்தானைத் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், சந்து முனையிலிருந்து ஆட்டோக்காரரைத் தூக்கவைத்து அவர் வாசலில் இறக்கினேன். சிமென்ட் தொட்டி! கொடை வள்ளல் என்ற நினைப்பு வேறு.

இன்று தெரியும். என் வலிக்கும் அவர் வலிக்கும் எந்த உறவும் கிடையாது. என்னுடையது பழைய கதவின் கீல் தேய்வது போன்றது. அவருக்கு வந்திருந்தது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி பிசகி மூட்டுகளைத் தாக்கும் நோய். அந்த வார மாத்திரை வெறும் வலி மாத்திரை அல்ல. அந்தத் தாக்குதலையே அடக்குவது. தானாக நிறுத்தினால் மூட்டு உள்ளுக்குள் அரிபடும். கோணிய பிறகு எந்த மாத்திரையாலும் நிமிர்த்த முடியாது... வாந்தி என்றால் மருத்துவரிடம் சொன்னால் போதும், அதற்கும் வழிகள் உண்டு. இவ்வளவையும் எப்போது படித்தேன்? எல்லாம் கெட்ட பிறகு! வீட்டில் நான்கு அலமாரி புத்தகம் வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மனைவி ஒரு ரவிக்கையைக் கட்டிலில் போட்டாள். "ஹூக்கே வைக்கலை பாருங்கோ. கற்பகத்துக்குக் கை வீங்கிண்டு கிடக்காம். நன்னாத்தானே இருந்தா?"

செருப்பை மாட்டினேன். உடனே போனேன்.

மெஷின்மீது பழைய புடவையைப் போர்த்தியிருந்தார்கள். கற்பகத்தின் விரல் கணுக்கள் உருண்டு திரண்டிருந்தன.

"மாத்திரைய நிறுத்தி மூணு மாசம் ஆவுது சார். உங்க கீரையதான் விடாம துன்னுறேன். உங்களுக்குக் கேட்டுச்சு... எனக்கு மட்டும் ஏன் சார் கேக்கல?"

அப்போதாவது சொன்னேனா? "சில உடம்புக்கு ஒத்துக்காது கற்பகம்... வாங்க, டாக்டரைப் பார்த்துடலாம்" என்றேன். பழியை அவர் உடம்பின் மீதே போட்டேன். எவ்வளவு நேர்த்தியான கோழைத்தனம்!

பெரியாஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். "யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று மருத்துவர் அம்மாள் அதட்டினார். கற்பகம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானேதான் மேடம்" என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மாத்திரை மறுபடி தொடங்கியது. வாந்திக்கும் வழி சொன்னார்கள். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் அந்தச் சந்தில் திரும்பும்போது தடதடவென்று மெஷின் சத்தம்... அப்பாடா! அந்த மாதிரி ஒரு கச்சேரியை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஆனால் இடது கை மோதிர விரல் நிமிரவில்லை. மற்ற விரல்கள் துணியைத் தள்ள, அது மட்டும் கொக்கி போல் வளைந்து நிற்கும். இனி நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். ரவிக்கை வாங்கப் போகும்போதெல்லாம் என் பார்வை வேறெங்கும் போகாது.

போன வாரம் என் முட்டி மறுபடி முனகியது. 'தியானத்தை' விட்டுவிட்டதன் பலன். சுவரைப் பிடித்துக்கொண்டு கற்பகத்தின் படியேறினேன்.

"கீரைய விட்டுட்டீங்களா சார்?" என்றார் பதறிப்போய். "தொட்டில நெறைய கீது. பறிச்சித் தரட்டா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஊசி, அடையாறு, முகக்கவசம், துண்டு... எதையும் விடவில்லை. இரண்டு ஆண்டில் முதன்முறையாக நன்றாக மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சுகமாக இருந்தது!

கற்பகம் தைத்துக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்தத் தொட்டிய எடுத்துக்கினு போய்டுங்க சார். கொசு வருது."

எடுத்துக்கொண்டேன். ஆட்டோ அந்தச் சந்துக்குள் வராது. சிமென்ட் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தில் கொடி உரச, ஒவ்வோர் அடியாக நடந்தேன். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். பின்னாலிருந்து, மெஷின் சத்தத்துக்கு மேல், சந்து முழுக்கக் கேட்கும்படி கற்பகத்தின் குரல் வந்தது.

"பாத்துப் போங்க சார்... ஊசி போட்ட முட்டி!"