பருத்தழும்புக்கு ஆசிட் வைத்த நாட்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் ஒரு தோல் டாக்டரிடம் நர்ஸாக இருந்தேன். லோஷன் கலக்குவதும் என் வேலைதான். காலையில் கதவைத் திறந்ததும் கந்தகமும் பன்னீரும் கலந்து ஒரு வாசனை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கும்.

1. பஞ்சும் ஊசியும்

ஒரு திங்கட்கிழமை எரியோட்டிலிருந்து வேலுச்சாமி வந்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இருபத்துமூன்று வயது. முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். விலக்கியபோது கன்னம் முழுக்க வீங்கிய கட்டிகள், இடையிடையே ஆழமான குழிகள்.

"மில்லு வேலைக்குப் போனேன்யா. பெருவியாதியா இருக்கும்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. வீட்ல மதினி தனித் தட்டு வச்சிருச்சு" என்றார்.

பெருவியாதி என்கிற தொழுநோயில் தோல் மரத்துப்போகும். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, திரித்த பஞ்சால் கன்னத்தில் அங்கங்கே தொட்டார். பிறகு ஊசி முனையால் தொட்டார். ஒவ்வொரு தடவையும் வேலுச்சாமி இடத்தைச் சரியாகச் சொன்னார். கழுத்திலும் முழங்கையிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் டாக்டர் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது பெருவியாதி இல்ல. வெறும் பரு. யாருக்கும் ஒட்டாது."

 "இத ஒரு தாள்ல எழுதித் தருவீங்களாய்யா?" என்று வேலுச்சாமி கேட்டார். டாக்டர் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்.

2. சீவிய தீக்குச்சி

புதுப் பருக்கள் நிற்பதற்கே நாலு மாதம் கந்தக லோஷன் போட வேண்டியிருந்தது. பிறகுதான் குழிகளைக் கவனித்தோம்.

"பரு உள்ள சீழ் புடிச்சு அடித்தோலத் தின்னுருச்சு. மேல களிம்பு தடவுனா நிரம்பாது" என்றார் டாக்டர். தீக்குச்சியைக் கூராகச் சீவி, ஆசிட்டில் தோய்த்து, குழிக்குள் மட்டும் வைப்பார். அங்கே புதுத் தோல் வளர்ந்தால் குழி கொஞ்சம் மேலேறும். காதோரம் ஒரே ஒரு குழியில் வைத்துவிட்டு, "ஒரு மாசம் பாப்போம் லூர்து. நம்ம தோல் சட்டுனு கறுத்துரும்" என்று என்னிடம் சொன்னார்.

மூன்றாம் வாரம் டாக்டர் மதுரை போயிருந்த நாளில் வேலுச்சாமி வந்தார்.

"நர்ஸம்மா, அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வருது. சொந்தம் பூரா வாராக. அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பாக. செத்த நேர வேலதான, நீங்களே வச்சு விடுங்க."

பலமுறை பக்கத்தில் நின்று பார்த்த வேலைதானே என்று நினைத்தேன். இரண்டு கன்னத்திலும் வைத்தேன். ஒவ்வொரு குழியும் வெள்ளையாகப் பூத்தது. எரிச்சலில் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காதுகுத்துக்கு அவர் போகவில்லை. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. திரும்ப வந்தபோது, டாக்டர் எதிரிலேயே, "தப்பு என்னுது" என்றேன்.

"நாந்தானம்மா கெஞ்சுனேன்" என்றார் வேலுச்சாமி.

"அவரு கெஞ்சலாம் லூர்து. நீ வச்சிருக்கக் கூடாது" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை.

வெயிலில் முகம் காட்டக் கூடாது என்று சொல்லி அவரை அனுப்பினோம். வயலில் வேலை செய்கிறவர் எப்படி வெயிலைத் தவிர்ப்பார்? விடியலிலும் சாயங்காலமும் மட்டும் தண்ணீர் பாய்ச்சினார். கறுப்பு மறைய முக்கால் வருடமானது. அதன்பின் டாக்டர் மாதத்துக்கு நாலைந்து குழிகளாகத் தன் கையாலேயே வைத்தார். பாதி மேலேறியது, பாதி அப்படியே நின்றது. போதும் என்று வேலுச்சாமியே சொல்லிவிட்டார். அடுத்த தையில் கல்யாணம் முடித்து மனைவியோடு வந்து கல்கண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

பிற்பாடு ஆசிட் வைக்கும் வேலையை டாக்டர் என்னிடமே ஒப்படைத்தார். குப்பியைத் திறக்குமுன் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வேன்: "பாதிதான் கொறையும். மாசக்கணக்காகும். அவசரம்னா இப்பவே போயிருங்க." சிலர் எழுந்து போனார்கள். அவர்களை நான் தடுத்ததில்லை.