ஒன்றும் குறையாத பை

மலையேற்றத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும் அந்தச் சின்னக் கம்பெனியில் முதலுதவிப் பை கட்டுவது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் மருந்தக்கா. பின்னறை மேஜையில் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் யார் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணி சட்டென்று கைக்கு வர மேலே இருக்கணும். கால் கொப்புளத்துக்கு ஒட்டுவது, பேதி மாத்திரை எல்லாம் அடியில். பழந்துணியை வெட்டிப் பார்க்காமல் கத்தரிக்கோலை உள்ளே போடமாட்டாள்.

வழிகாட்டிகளில் ஒருவன் அவள் புருஷன். பாறைக்குப் பாறை தாவுகிறவன் என்பதால் ஆடு என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான்.

"நான் மலைக்குப் போறேனா, மருந்துக்கடை வைக்கப் போறேனா?" என்பான், பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

"தூக்கிட்டுப் போ. முதுகு ஒண்ணும் தேஞ்சிடாது."

"அப்போ நீயும் உள்ள ஏறி உக்காரு. சேத்தே தூக்கிடுறேன்."

மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் அப்படித்தான் கிளம்பினான். ஓடை ஒன்றைக் கடக்கும் முன், வந்தவர்களை நிறுத்திவிட்டு அவன் மட்டும் முதலில் கால் வைத்துப் பார்த்தான். கல் உருண்டது. இடது விலா பாறையில் மோத விழுந்தான்.

பிறகு நடந்ததை அவளிடம் சொன்னவன் நெட்டை. அவனும் வழிகாட்டிதான், அன்று கூடவே போனவன்.

"எந்திரிச்சு உக்காந்துட்டான்கா. ஒரு சொட்டு ரத்தம் இல்ல. 'இன்னும் உசுரு இருக்கு, யாரும் கறிக்கு விலை பேசாதீங்க'ன்னு எல்லாரையும் சிரிக்க வெச்சான். கொஞ்ச நேரத்துல முகம் வெளுத்துப் போச்சு. வேர்த்துக் கொட்டுது, தொட்டா ஜில்லுங்குது. வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு."

போனில் சிக்னல் இல்லை. இருவர் கீழே ஓடினார்கள். மற்றவர்கள் கூடாரத் துணியில் கழி கோத்து அவனைத் தூக்கினார்கள். ரோடு கண்ணில் படுமுன்பே அவன் போய்விட்டான்.

நெட்டை மேஜை மேல் வைத்த பையை அவள் திறந்தாள். குளிருக்குப் போர்த்தும் பளபளப்புத் தாளை மட்டும்தான் அவனுக்காக எடுத்திருந்தார்கள். கட்டுத்துணி பிரிக்காமல் வைத்தபடியே இருந்தது.

"என்ன இல்லாமப் போச்சு? சொல்லு."

"எல்லாம் இருந்துச்சுக்கா."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லாத. ஏதாச்சும் நான் வைக்காம விட்டிருப்பேன். சொல்லுடா."

அவன் அழுதான்.

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "உள்ளே மண்ணீரல் கிழிஞ்சிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணியிருக்கணும். உங்க பையில எதை வெச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது."

அந்த ஆறுதல்தான் அவளைக் கொன்றது. ஒரு ஊசி குறைந்தது, ஒரு மாத்திரை மறந்தது என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். பழி போட ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் கட்டியதெல்லாம் மேல்காயத்துக்குத்தானா என்ற கேள்வி மட்டும் நெஞ்சில் கிடந்து அரித்தது.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே, வேலைக்குத் திரும்பினாள். கைகள் பழகினபடியே அடுக்கின. ஒருநாள் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து நின்றது. பெண் பையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது இருந்தா பயமில்லைதானே, அக்கா?"

முன்னெல்லாம் 'தைரியமாப் போயிட்டு வாங்க' என்பாள். அன்று வாயில் வந்தது வேறு. "வீட்டுக்குப் போயிடுங்க."

மேனேஜர் கோபப்படவில்லை. "உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ஆனா வர்றவங்க உன் முகத்தைப் பாத்தே திரும்பிடறாங்க," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பின்னறை வேறொருத்திக்குப் போனது. இவளுக்குக் கொல்லைப்புறத்தில் சேறு படிந்த கூடாரங்களை அலசும் வேலை.

நெட்டை மட்டும் அவ்வப்போது வந்து நிற்பான்.

"உன் தங்கச்சிதான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. அங்க போயிடேன்கா."

"போயி?"

நெட்டை ஈரத்துணியின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டான். மறுமுனையைப் பிடித்து அவள் முறுக்கத் தொடங்கினாள்.