என் கைராசி போன நோன்பு மாதம்

உம்மாவின் கை எப்படி இருக்கிறது என்பதை நான் என் பின்னலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். நல்ல நாளில் பின்னல் அப்படி இறுகும். புருவம் இரண்டும் மேலே இழுபட்டு, எதிரில் வருகிறவர்களை எல்லாம் அதட்டுகிற முகத்தோடு பள்ளிக்கூடம் போவேன். கெட்ட நாளில் இடைவேளை மணி அடிக்கும் முன்பே ரிபன் தோளில் கிடக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. கெட்ட நாட்கள்தான் அதிகம்.

காலையில் உம்மாவின் விரல்கள் மடங்காது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பியதும் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்திருப்பார். முக்கால் மணித்தியாலமாவது ஊறினால்தான் சீப்பைப் பிடிக்க முடியும். நான் சீருடையோடு பக்கத்தில் நின்று, "கெதியா உம்மா, வேன் வந்திரும்" என்று சிணுங்குவேன். இப்போது நினைத்தால் எனக்கு நானே ஓர் அறை வைக்கலாம் போலிருக்கிறது. அவரோ சட்டிக்குள் கையைப் பார்த்தபடி, "இந்தா மகள், இந்தா, அவிஞ்சிட்டு" என்பார், ஏதோ கிழங்கு அவிக்கிற மாதிரி.

கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் மூன்றே பேர்: உம்மா, வாப்பா, நான். வாப்பாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல். மாதம் ஒரு தடவை உம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போவது வாப்பாவின் வேலை. அறுவடைக் காலத்தில் அவருக்கு நேரம் கிடைக்காது, அப்போது துணைக்கு நான் போவேன். துணை என்றால் பெரிய துணை. உம்மாவின் கைப்பையை வைத்துக்கொண்டு, வரிசையில் இருக்கிறவர்களின் நோய்களை எல்லாம் வாய் பார்ப்பேன்.

அப்படிப் போன ஒரு நாள்தான் டொக்டர் என்னிடம் கேட்டார். "வாப்பாவுக்கு என்ன தொழில்?"

"வயல்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு லேசா விளங்கும்" என்று உம்மாவின் கையைத் தன் மேசையில் வைத்து, வீங்கிய விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "வயலில யானைக்குக் காவல் இருக்கிற மாதிரி, இதுக்குள்ளயும் காவல்காரர் இருக்காங்க. சும்மா நாளையில அவங்கட வேலை கூட்டித் துப்பரவாக்கிறது. செத்தது, அழுகினது எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டுப் பேசாம இருப்பாங்க. உங்கட உம்மாட விரலுக்குள்ள இருக்கிற காவல்காரனுக்கு, இல்லாத யானை வந்த மாதிரி ஒரு நினைப்பு. அவன் கத்துறான். சத்தத்தைக் கேட்டு மத்த எல்லாரும் பந்தத்தைக் கொளுத்திக்கிட்டு ஓடி வாறாங்க. வந்தவங்களும் கத்துறாங்க. யானையும் இல்ல, ஒண்டுமில்ல. ஆனா இவங்கட காலுக்குள்ள வேளாண்மை மிதிபட்டுப் போகுது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பந்தம் என்றால் நெருப்பு. அதனால்தான் உம்மாவின் மூட்டைத் தொட்டால் சுடுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் உம்மா விழுங்குகிற குளிசை அந்தக் காவல்காரர்களை அமர்த்துவதற்கு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் ஒவ்வொரு மாதமும் வரிசையில் நிற்க வேண்டும் என்று எனக்குள் ஓர் அலட்சியம் வந்தது.

டொக்டர் உம்மாவைப் பார்த்து, "இவ ஒராள்தானா?" என்றார். உம்மா பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். "எனக்கு ஒரு தம்பி வேணும். ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறன்."

அது உண்மை. பக்கத்து வீடுகளில் எல்லாம் நாலும் ஐந்தும் பிள்ளைகள். விளையாட்டில் ஆள் பிரிக்கும்போது நான் மட்டும் மிச்சமாக நிற்பேன். அந்தக் குறையைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. டொக்டர் சிரித்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, வெளியே நிறுக்கிற மெஷினில் ஏறிப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார். நான் ஏறினேன், இறங்கினேன், பையோடு ஏறினேன், பை இல்லாமல் ஏறினேன். அவ்வளவு நேரம் உம்மா உள்ளே என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அது மிஹ்ராஜ் மாதம், நோன்பு மாதத்துக்கு இரண்டு மாதம் முந்தியது. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைக் குளிசை நின்றுவிட்டது. வாப்பா இரண்டு நாள் யாரோடும் கதைக்காமல் திரிந்தார். வயலில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குளிசை நின்றதும் உம்மாவின் கை படுமோசமானது. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியவில்லை. இடியப்ப உரலை வாப்பா பிழிந்தார். அந்த நோன்பு மாதம் முழுக்க என் பின்னலை நானே பின்னினேன், அதாவது முடிச்சுப் போட்டேன். பேன் சீப்புக்குக்கூடத் தலை விட்டுக்கொடுக்கவில்லை.

நோன்பு முடிந்து இரண்டு மாதத்தில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள், நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, பக்கத்து வீட்டு வேலி மரத்திலிருந்து மருதோண்டி இலை பறித்து வந்து அம்மியில் அரைத்தேன். பெருநாளைக்குப் பெண் பிள்ளைகள் கைக்கு மருதோண்டி போடுவது வழக்கம்தானே. அரைக்கும்போது கை குளிர்ந்தது. அந்த நொடியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. உம்மாவின் விரலுக்குள் நெருப்புப் பந்தங்கள். மருதோண்டியோ குளிர்மை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதைப் பெரிய டொக்டருக்கு ஏன் யாரும் எடுத்துச் சொல்லவில்லை?

"உம்மா, கையத் தாங்க."

உம்மா அம்மியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். நான் அழகுக்குப் பூசுகிற மாதிரி நகத்தில் தொப்பி போடவில்லை. ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் தடிப்பாக அப்பி, வாப்பாவின் பழைய சாரனைக் கிழித்துக் கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். உம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார். அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ எடுக்க வேண்டுமென்று மருதோண்டியைக் கழுவியபோது விரல்கள் பத்தும் செம்மஞ்சளாகி விறைத்துக் கிடந்தன.

"எப்படி உம்மா?"

"குளிர்ந்து போச்சி மகள். நல்லாரிக்கி" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. குளிருக்கு என்று நினைத்தேன்.

இங்கேதான் கதை என் பக்கம் சாய்ந்தது. பெருநாள் முடிந்து மூன்றாம் வாரம் என் பின்னல் இறுகியது! அடுத்த வாரம் உம்மா போர்வையைத் தனியாகப் பிழிந்து கொடியில் போட்டார். சுடுதண்ணீர்ச் சட்டி குசினி மூலைக்குப் போனது. நான் விடவில்லை, வாரத்துக்கு ஒரு தரம் மருதோண்டி அரைத்தேன். வாப்பா என்னை "டொக்டரம்மா" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் அப்போதும் கொஞ்சம் பெருமைக்காரி. இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்.

காரைதீவிலிருந்து கீரை கொண்டுவரும் அக்கா ஒருவர் இருந்தார். உம்மாவின் கையைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார். "என்ன தங்கச்சி, கை இப்படி மடங்குது? நேத்துவரைக்கும் காசைக்கூட புடிச்சித் தர ஏலாம என்ட மடியில போடுவீங்க."

"என்ட மகள்ற கைராசி" என்றார் உம்மா, முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல்.

"அப்ப எனக்கும் ஒருக்கா பூசி உடு புள்ள. என்ட முழங்கால் மூத்தவன் பிறந்ததிலருந்து உளையுது."

பூசிவிட்டேன். அடுத்த முறை வந்தபோது, "குறைஞ்ச மாதிரித்தான் கிடக்குகா" என்று எனக்குத் தனியாக ஒரு கட்டு முருங்கையிலை தந்தார். நல்ல மனுசி. பிறகு தெருவில் இன்னும் இரண்டு முழங்கால்கள், ஒரு தோள்பட்டை. உம்மாவின் வயிறு தெரியத் தொடங்கியதும், "உன்ட துஆ கபூலாகிட்டு, தம்பி வாறான்" என்றார்கள் தெருவில் எல்லாரும். தலைகால் புரியவில்லை எனக்கு. கேட்டதெல்லாம் கிடைக்கிறது, தொட்டதெல்லாம் சுகமாகிறது. அந்த மாதங்களில் என்னோடு கதைத்தவர்களுக்கு நான் இன்றும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவள்.

அடுத்த மிஹ்ராஜ் மாதத்தில் தம்பி பிறந்தான். உம்மா அவனை ஒரு கையால் தூக்கி மறு கையால் தொட்டில் சீலையை உதறுவார். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்தது. நோன்பு வந்தது.

அந்த வருடம் முழு நோன்பும் பிடிப்பதாக ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நாலாம் நோன்பு அன்று நல்ல வெயில். அஸருக்கு வுளூ எடுக்கும்போது வாய் கொப்பளித்தேன். கொப்பளித்த தண்ணீரில் ஒரு மிடறு வெளியே வரவில்லை. சத்தியமாக அது தற்செயல். ஆறாம் நோன்பில் விழுங்கிய மூன்று மிடறும் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

எட்டாம் நோன்பு காலையில் தம்பியின் சட்டைப் பொத்தானை உம்மாவால் போட முடியவில்லை. மூன்று தரம் முயன்றார். விரல் வழுக்கியது. பிறகு குசினி மூலையிலிருந்து அந்தச் சட்டியை எடுத்துத் தண்ணீர் சுட வைத்தார்.

 அன்றே மருதோண்டி அரைத்தேன். பலிக்கவில்லை. அடுத்த நாளும் அரைத்தேன். மூன்றாம் நாள் பூசும்போது உம்மா "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டார்; அதற்கு முன் ஒரு நாளும் இழுத்ததில்லை. மூட்டுகள் முன்னைவிடப் பருத்து, நெருப்பாகச் சுட்டன. காரணம் எனக்குத் தெரியும். என் கையில் இருந்த ரஹ்மத், அல்லாஹ்வின் அருள், போய்விட்டது. களவாகத் தண்ணீர் குடித்தவளின் கையில் அல்லாஹ் எதை மிச்சம் வைப்பான்?

இரண்டு நாள் அடக்கி வைத்தேன். பிறகு உம்மாவின் மடியில் விழுந்து, மிடறு கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அல்லாவே!" என்றார் உம்மா. சிரிப்பும் அழுகையுமாக என் தலையைத் தடவ வந்து, விரல் விரியாததால் புறங்கையால் தடவினார். "அடி என்ட ராசாத்தி, ஒனக்கு இன்னும் நோன்பே கடமையாகல்ல. நீ தண்ணி குடிச்சதுக்கு அவன் ஏன் என்ட கையப் புடிக்கப் போறான்?"

"அப்ப ஏன் திரும்ப வந்திச்சி?" என்னைவிட்டுப் போன குற்றம் எங்கே போய் உட்காருவது என்று தேடினேன். பாயில் தம்பி கிடந்தான். "இவன் வந்துதானா?"

உம்மாவின் முகம் மாறியது. என்னை ஒரு நாளும் அதட்டாதவர் அதட்டினார். "அவன ஒண்டும் சொல்லாத! இஞ்ச பாரு. ஒனக்கும் குத்தமில்ல, அவனுக்கும் குத்தமில்ல. கை என்ட, நோவும் என்ட. விளங்கிச்சா?"

விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

இப்போது நான் ஒரு பெண்கள் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் மூட்டை வரைந்து, அதன் உள்தோலில் மக்ரோபேஜ் என்ற அந்தத் தின்குழியங்களைப் புள்ளி புள்ளியாக வைப்பேன். குப்பை தின்கிற அமைதியான காவல்காரர்கள். இவர்களே வெறிபிடித்து இரசாயனத்தால் கூச்சல் போட்டு மற்ற வெண்குழியங்களைக் கூப்பிட்டால் மூட்டு வீங்கும், சுடும், கடைசியில் எலும்பே அரிபடும் என்று சொல்வேன். பிள்ளைகள் எழுதுவார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது ஒரு விரிவுரையில் என் பேனா நின்றுபோனது. இந்த மூட்டுவாதம் உள்ள பெண்களில் பலருக்குக் கர்ப்பத்தில் நோவு தணிந்துவிடுமாம். வயிற்றில் வளர்கிற பிள்ளை உடம்புக்குப் பாதி அந்நியன். அவனை அடித்துவிடாமல் இருக்க, காவல்காரர்களை அமர்த்துகிற வேலை உடம்புக்குள் நடக்கிறது. அந்நேரம் மூட்டுக்குள் கத்துகிறவர்களும் அடங்குகிறார்கள். பிள்ளை பிறந்த சில கிழமைகளில் பந்தங்கள் திரும்பக் கொளுத்தப்படும். அந்த வெள்ளிக்கிழமைக் குளிசையோ வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். பால் கொடுக்கும்போதும் தொடக் கூடாது. விரிவுரை மண்டபத்தில் மிஹ்ராஜ், நோன்பு, ஹஜ் என்று விரல் விட்டு எண்ணினேன்.

விடுமுறைக்கு வந்து கேட்டேன். உம்மா மீன் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கழுவியது தம்பி. உம்மாவின் விரல்கள் அதற்குள் பக்கவாட்டில் சரிந்து அப்படியே நின்றுவிட்டிருந்தன.

"ஓம், டொக்டர் அண்டைக்கே சொன்னவர்" என்றார். "புள்ள வயித்தில இரிக்கக்குள்ள சுகமாகலாம், பொறகு கட்டாயம் வரும், கூடுதலாவும் வரலாம் எண்டு."

"தெரிஞ்சுமா உம்மா?"

"நீதானே தம்பி வேணும் எண்டு தெருத்தெருவா அழுதாய்." சிரித்தார். "நாங்க போனா ஒனக்கு ஆரு இரிக்கா?"

"மருதோண்டி? அது குளிர்ந்தா நோவு கூடுமே. ஏன் கையத் தந்தீங்க?"

உம்மா மீன் பக்கம் திரும்பினார். தம்பியிடம், செதிலை ஒழுங்காக எடுக்கவில்லை என்று குறை சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்த நோன்பில் நான் அழுது முடித்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். தம்பி பாலுக்குக் கத்தினான். உம்மாவால் அவனை ஏந்த முடியவில்லை. "மகள், நீ புடி" என்றார். உம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்து, தம்பியின் தலையும் முதுகும் என் இரு கைகளில் வர, அவன் குடித்து முடிக்கும்வரை பிடித்தேன். அன்றிலிருந்து தினம் அதுதான் வேலை. உம்மா என்ன சொன்னாலும் இது அந்த நாலு மிடறு தண்ணீருக்கான தண்டனை என்று நானே தீர்மானித்து, கை மரத்தாலும் அசையாமல் இருந்தேன். தண்டனையில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. நான் களைத்துப்போகும் நேரம் பார்த்து உம்மா தன் கையை என் கைக்குக் கீழே கொண்டுவந்து வைப்பார். உடனே பாரம் குறைந்துவிடும். மூட்டுகளின் சூடு என் தோலில் இதமாக இருக்கும். மூட்டுச் சூடு ஆறத்தான் உம்மா தன் கையை என் கைக்கடியில் வைத்துக்கொள்கிறார் என்று நினைத்து, நானும் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.