கருக்களாச்சேரியிலிருந்து திரும்பி வந்த கம்பளி

அழாமலே பிறந்த ஒரு பிள்ளையையும், பதினோரு நாள் மட்டும் இருந்த ஒரு பிள்ளையையும் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பியவள் நான். அந்தத் துக்கம்கூட என்னைச் சாய்க்கவில்லை. என்னைச் சாய்த்தது ஒரு நூல் உருண்டை. அதிலிருந்து சேசுநாதர் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்பதைத்தான் சகோதரிகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் சவேரியம்மாள். காரைக்காலில் சுங்கச் சாவடி எழுத்தர் அருளப்பனின் மனைவி. கான்வென்ட்டில் படித்த நாளில் பிரெஞ்சு மதர் எங்களுக்கு உல்லன் பின்னல் கற்றுக்கொடுத்தார். இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். ஆனால் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், பச்சைப் பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு அதன் அருமை தெரியும். இன்றைக்கும் ஊசியில் கண்ணி எண்ணும்போது எனக்குப் பிரெஞ்சில் அன், தே, த்ருவா என்றுதான் வாயில் வருகிறது.

நான் போடுவது மிகவும் எளிய பின்னல். நேராக ஐந்து கண்ணி, புரட்டி ஐந்து கண்ணி. ஆறு வரிசை போனதும் நேர் இருந்த இடத்தில் புரட்டு, புரட்டு இருந்த இடத்தில் நேர். போட்டு முடித்தால் ஓலைத் தடுக்கு மாதிரி கட்டம் கட்டமாக மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும். எங்கள் கோவில் சபைப் பெண்கள் அதைத் தடுக்குப் பின்னல் என்றார்கள். அதில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே முகம்தான். மனுஷரை அப்படிச் சொல்ல முடியாது.

கோவில் பங்கில் எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனாலும் சபையிலிருந்து ஒரு வெள்ளைக் கம்பளி கொடுப்பது எங்கள் வழக்கம். மதர் நூல் தருவார், நான் பின்னுவேன். முடித்ததைப் பிலோமினாவிடம் கொடுப்பேன். அவள் வீடு கான்வென்ட்டுக்கு எதிரே. அலசிக் காயவைத்து, ரிப்பன் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பொறுப்பு. நானும் அவளும் ஒரே பாயில் உட்கார்ந்து பின்னல் படித்தவர்கள். உன் முதல் பிள்ளைக்கு நான் ஞானத்தாய், என் முதல் பிள்ளைக்கு நீ ஞானத்தாய் என்று பத்து வயதில் மாதா சுரூபத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டவர்கள்.

என் இரண்டு பிள்ளைகளும் போன பிறகு அவளுக்கு மகள் பிறந்தபோது ஞானத்தாயாக நின்றது அவளுடைய சின்னம்மா. "மாமியார் பிடிவாதம்டி, நான் என்ன பண்ண?" என்றாள். நான் நம்பினேன். அந்தப் பிள்ளைக்கென்று என் வீட்டுக்காரர் புதுச்சேரியிலிருந்து வாங்கிவந்த மஞ்சள் நூலில் ஒரு கம்பளி போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாளும் அதைப் பிள்ளை மேல் பார்க்கவில்லை. "பத்திரமா பெட்டியில வச்சிருக்கேன்" என்றாள். அதையும் நம்பினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சாதி நான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், 1955 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஒரு ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து நான் ஞானஸ்நானங்களுக்கு நிற்பதில்லை. அன்றைக்கு ஏனோ நின்றேன். எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் கம்பளியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

தடுக்குப் பின்னல்தான். ஆனால் என் கை இல்லை. கட்டங்கள் நெளிந்து கிடந்தன. நூல் கொசகொசவென்று சுருண்டிருந்தது. பின்னல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு தடவை பின்னிப் பிரித்த உல்லன் நூல் சுருண்டுகொள்ளும். வெந்நீரில் நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு நீட்டிய பிறகுதான் மறுபடி பின்னவேண்டும். பிலோமினா பள்ளிக்கூட நாளிலிருந்தே அவசரக்காரி. அதை ஒரு நாளும் செய்யமாட்டாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவள் மடியில் நான் போன வாரம் கொடுத்த கம்பளி. பாதி பிரிந்திருந்தது. ஆறு நாள் பின்னியது விர்ரென்று கண்ணி கண்ணியாக அவிழ்ந்து உருண்டையில் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"நான் போட்டதை ஏன்டி பிரிக்கிற?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் சவேரி... பெத்தவங்க யாரு போட்டதுன்னு கேக்குறாங்க. ரெண்டு புள்ளைய வாரிக் கொடுத்தவ கை பட்டது வேணாங்குறாங்க. அதான் பிரிச்சு என் கையால போட்டுக் குடுத்தேன். நூலும் வீணாவல, உனக்கும் தெரியாம இருந்துச்சு."

"யாரு முதல்ல வேணாம்னது?"

அவள் கண் தானாகக் கீழே போனது. அவள் காலடியில் இருந்த கூடையில் வெள்ளை உருண்டைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் உருண்டை கிடந்தது. சுருண்ட நூல். முதலில் பிரித்தது அதைத்தான்.

அந்த ஒரு விநாடியை என்னால் எழுத முடியவில்லை. ஊர் சொன்னால் பொறுத்திருப்பேன். ஊர் வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்? என் கூடவே மண்டிபோட்டு ஜெபமாலை சொன்னவள், என் இரண்டாவது பிள்ளையைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தவள், என் கையைக் கண்டு பயந்திருக்கிறாள். பயந்ததையும் சிரித்துக்கொண்டே மறைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து ஊசிகளைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் எறிந்தேன். அன்றைக்கு நான் செய்தது ஜெபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் நாக்கு அழுகட்டும் என்றுதான் மாதா படத்துக்கு முன்னால் கேட்டேன். இப்படியே ஒரு மாதம். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "அவளை விடு. உனக்கென்று ஏதாவது கேள்" என்றார். யோசித்தபோதுதான் தெரிந்தது, அவள் சொன்னதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன். என் கையில்தான் ஏதோ இருக்கிறது. இந்தப் பிள்ளையும் என் கைக்கு வந்தால் போய்விடும். அதன் பிறகு ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "சுவாமி, ஒரே ஒரு தாய் தன் வாயால் என்னிடம் வந்து, உன் கையால் என் பிள்ளைக்குப் போட்டுக்கொடு என்று கேட்கட்டும். அப்போது என் கையை நம்புகிறேன்." ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி போனது. யாரும் வரவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு காலை நேரம், நாள் நிரம்புவதற்கு முன்பே மகன் பிறந்தான். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். மருத்துவச்சி மரியம்மா பார்த்தவுடனே நெற்றியில் தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பிழைக்காது என்று தோன்றுகிற பிள்ளைக்குத்தான் அப்படிச் செய்வார்கள், எனக்குத் தெரியும்.

"உடம்புல சூடு நிக்கலியே. கம்பளி ஏதும் இருக்கா?"

காரைக்காலில் பாதிப் பிள்ளைகளுக்குக் கம்பளி போட்டவள் வீட்டில் ஒரு முழம் உல்லன் இல்லை. பிறக்கும் முன்னே பிள்ளைக்கு எதையும் சேர்த்துவைக்கக் கூடாது என்ற வழக்கம் ஒரு பக்கம். என் வைராக்கியம் ஒரு பக்கம். "பிலோமினா வீட்டுல கேட்டுட்டு வரவா?" என்றார் வீட்டுக்காரர். "அவ வாசல்ல போயி நிக்காதீங்க" என்று கத்தினேன். என் பிள்ளை குளிரில் கிடக்கும்போது அப்படிச் சொன்னேன் சகோதரிகளே. அதை மறைத்து என்ன பயன்?

அவனைப் பழைய வேட்டியில் சுற்றி, வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தோம். பாலை மரியம்மா சங்கில் புகட்டினார். நான் அவனைத் தூக்கவில்லை. "எடுத்து மார்ல போட்டுக்கம்மா, தாய்ச் சூடு வேணும்" என்று அவர் திட்டாத திட்டில்லை. என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்து மூன்று நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் முற்பகல், மழை கொஞ்சம் விட்டது. கருக்களாச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அஞ்சலை வந்தாள். கடலுக்கு யாரும் போகாத நாட்கள், கூடையில் கருவாடுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் அவள் கைப்பிள்ளையைக் கிழிந்த துணியில் கட்டிக்கொண்டு வந்தபோது, அப்போதுதான் ஊசியிலிருந்து எடுத்த கம்பளியை அப்படியே அவளிடம் கொடுத்திருந்தேன். கோவிலுக்குப் போட்ட கம்பளியை இவளுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டுக்காரர்கூடக் கேட்டார். அந்த ஒன்றுதான் பிலோமினா கைக்குப் போகாத கம்பளி.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். வேட்டியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நடந்தே கருக்களாச்சேரி போய், மத்தியானம் கடந்து தூறலில் நனைந்துகொண்டு திரும்பினாள். ஒரு அலுமினியக் குண்டானுக்குள் நனையாமல் வைத்து மூடி, என் கம்பளியைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு கண்ணிகூடப் பிரியவில்லை. கட்டம் கட்டமாக அப்படியே இருந்தது. கருவாட்டு மணம் மட்டும் புதிது.

"இந்தாங்கம்மா. எம்மவன் இதுல கெடந்துதான் தேறுனான். இப்பக் கட்டுமரத்துல ஏறுவேன்னு நிக்கிறான். ஆனா சும்மா ஒண்ணும் தரல. தை பொறந்தா எனக்கு அடுத்தது. அதுக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தரணும்."

"கான்வென்ட்ல கேட்டா..." என்று இழுத்தேன்.

"அங்க யாரு போவா? உங்க கையாலதான் வேணும். ராசியான கையி."

அவள் எங்கள் பங்கைச் சேர்ந்தவள் இல்லை. அவள் கும்பிடுகிற சாமி வேறு. நான் மாதா படத்துக்கு முன்னால் கேட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆண்டவர் என் ஜெபத்தைக் கருவாட்டுக் கூடையில் வைத்து அனுப்பினார். வாய்விட்டு அழுதேன். கையை நீட்டினேன். மரியம்மா பிள்ளையை என் மார்மேல் போட்டு, கம்பளியால் இருவரையும் சேர்த்துப் போர்த்தினார். சாயங்காலத்துக்குள் அவன் கால் சூடானது. மறுநாள் தானே பாலைத் தேடினான்.

நாற்பது நாள் கழித்துக் கோவிலில் ஞானஸ்நானத்தின் மீதிச் சடங்குகள். ஞானத்தாய் யார் என்று சாமியார் கேட்டார். "பிலோமினா" என்றேன். வீட்டுக்காரர் என்னை வெறித்துப் பார்த்தார். தங்கிய முதல் பிள்ளை இவன்தான், பத்து வயதில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். எல்லார் முன்னாலும் மகனை அந்தக் கம்பளியில் சுற்றி அவளிடம் நீட்டினேன்.

"புடி. என் கை போட்டதுதான்."

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் வாங்கினாள். சடங்கு முடியும்வரை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றாள். கண்ணீர் கம்பளியில் விழுந்துகொண்டே இருந்தது. "மன்னிச்சுரு சவேரி" என்றாள் வாசலில். நான் மகனை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். நான் செய்தது மன்னிப்பா, பழியா என்று பிறகு சாமியார் கேட்டார். இரண்டும் கலந்துதான் இருந்தது சாமி என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

இப்போது மகனுக்கு நாலு வயது. இதை எழுதுவதற்கு முன் பிலோமினாவிடம் கேட்டேன். "பேரோடயே எழுது" என்றாள். அவளை மன்னித்துவிட்டேன், ஜெபமாலையும் சேர்ந்துதான் சொல்கிறோம். ஆனால் போட்டு முடித்த கம்பளியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கச் சொன்னார். கம்பளிகளை மறுபடி அவள் கூடையில் போடச் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. சில நாள் அந்த மஞ்சள் உருண்டை கண்ணில் வந்து நிற்கும், அப்போது இன்னும் வலிக்கிறது.

சகோதரிகளே, நம்பியவர்கள் உங்களை ஒதுக்கியிருந்தால், அவர்கள் நாக்கைப் பற்றி ஆண்டவரிடம் பேசாதீர்கள். நான் பேசி ஒரு மாதம் வீணாய்ப் போனது. உங்களுக்கு வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். நாம் எதிர்பார்க்கிற ஆள் வரமாட்டார். ஆண்டவர் அனுப்புகிற ஆள் வருவார். கூடையில் என்ன இருக்கிறது என்று முகம் சுளிக்காமல் கதவைத் திறவுங்கள்.

அஞ்சலைக்கு மூன்றாவது கம்பளி ஊசியில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது பிள்ளை பிறக்கப்போகிறது என்றால், பயப்படாமல் வந்து கேளுங்கள். இந்தக் கையாலேயே போட்டுத் தருகிறேன்.