கவர்னரின் ஆள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு இரண்டு தவணை கவர்னராக இருந்தவரைப் பற்றி, மலேசியாவில் எங்கள் செண்டாயானில் என்னைவிட விவரம் தெரிந்தவன் கிடையாது. சோளம் போடும் குடும்பத்தில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்து, சின்ன ஊருக்கு மேயராகி, சட்டமன்றத்துக்குப் போய், நடுவில் தோற்று, பிறகு கவர்னரானார். என் தொகுதியில் ஜெயித்த சட்டமன்ற உறுப்பினர், எங்கள் ஒய்பி, அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் கவர்னர் எந்தப் பக்கம் தலை சாய்த்துப் பேசுவார் என்பது தெரியும். காரணம் வேறொன்றும் இல்லை, என் ஒரே மகள் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தாள். யூடியூப்பில் அவர் பேசும்போது பின்னால் எங்காவது அவள் தெரிவாளா என்று தேடுவேன். ஒருமுறை தோள் மட்டும் தெரிந்தது. அவள் தோள்தான் என்று நானே வைத்துக்கொண்டேன்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும். ரப்பர் தோட்டத்தை அழித்துத் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டியபோது கிடைத்த வீடு. அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நான். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணி, வராதவன் வீட்டுக் கதவைத் தட்டி, வேலைக்கு அனுப்புவேன். இப்போது ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுகிறேன், டிவியோடு சண்டை போடுகிறேன்.

கவர்னர் மூன்றாவது தடவை நிற்க முடியாதாம், அங்கே சட்டம் அப்படி. கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் துரை மாற்றலாகிப் போனால், பங்களா சமையல்காரர், டிரைவர் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு தொழிலாளர் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். புது துரை தன் ஆளைக் கொண்டுவருவார். ஆகவே கவர்னர் இறங்கினால் மகள் வீடு வந்து சேருவாள் என்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்பானேன்? அறைக்குப் பெயிண்ட் அடித்தேன், சிரம்பான் போய் மெத்தை வாங்கினேன், காப்பிக் கடையில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்தேன்.

அவர் விடைபெற்றுப் பேசியதைக் காலைப் பசியாறும்போது பார்த்தேன். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் ரொட்டியை நனைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் அழைத்தாள். கவர்னர் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போகிறார், புத்தகம் எழுதப் போகிறார் என்றாள். பதவிதான் போய்விட்டதே, இன்னும் என்ன கவர்னர் என்று கேட்டேன். சிரித்தாள். அங்கே சாகும்வரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அது எனக்கு அதிசயமில்லை. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லாத தாமானில் என்னை இன்னும் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"என்னையும் கூட வரச் சொல்றாருப்பா. அவருக்கு நம்பிக்கையான ஆள் வேணுமாம் லா. நான் சரின்னு சொல்லிட்டேன்."

நல்லதும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கும் ஆள் வேணும்மா."

அவளிடம் நான் அதுவரை எதுவும் கேட்டதில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.  அவள் அக்கறையாகத்தான் பேசினாள்.

"ஆமாப்பா, நானும் அதான் யோசிச்சேன். சமைக்க, வீடு கூட்ட ஒரு ஆள் வெச்சிக்கலாம். நான் ஏஜென்ட்கிட்ட பேசறேன்."

அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. சரி, பேசும்மா என்றேன்.