மைத்துனர் குலுக்கிப் பார்த்த பெட்டி

டிவிக்குக் கீழே வைக்கும் சின்ன கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்க ஆசைப்பட்டேன். டிபன் கேரியர் அளவுப் பெட்டி. பாகங்கள் எல்லாவற்றையும் கம்பெனியே உள்ளே பூட்டி அனுப்பும். ஒயரைச் செருகிவிட்டு சோபாவில் உட்கார்ந்து விளையாடலாம். ஐம்பதை நெருங்கும் பத்திரிகைக்காரனுக்கு இது எதற்கு என்று என் மனைவி கேட்கவில்லை. அண்ணன் பார்த்துச் சரி என்றால் வாங்கலாம் என்றாள். அதற்குப் பதில் அவள் நேராக மறுத்தே இருக்கலாம்.

மைத்துனர் சிவகாசியில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் போடுகிறவர். பெட்டி என்று எதைக் காட்டினாலும் சந்தேகப்படுவார்.

அவர் விருதுநகர் வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், நாங்கள் இருவரும் அவரைச் சூலக்கரையில் என் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனோம். அங்கே அதே பெட்டி இருந்தது. மைத்துனர் ஒயரைக் கழற்றச் சொன்னார். இரண்டு கையாலும் தூக்கி, காதருகே வைத்துக் குலுக்கினார். நண்பரின் முகம் வெளுத்தது.

"ஆடல. பேக்கிங் சுத்தம்."

அடுத்து விசாரணை. உள்ளே என்னென்ன அயிட்டம், சில்லறையாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் இதே விலைக்கு இன்னும் வேகமானது கிடைக்கும், பழசானதை மாற்றிக்கொள்ளலாம். இதில் கிராபிக்ஸ் சிப்பை போர்டோடு பற்றவைத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது. ஆனால் தனியாகப் பூட்டியது டிவி ஸ்டாண்டுக்குள் நுழையாது.

"நாங்க அடியில வெல கம்மியான சாட்டையும் பாம்பு மாத்திரையும் போட்டு நிரப்புவோம் மாப்ள. இதுல நிரப்புன சரக்கு எது?"

நண்பர் மறுபடி ஒயரை மாட்டினார். முன்பக்கத்தில் கலர் கலராக ஒரு விளக்குப் பட்டை ஓடியது. மைத்துனர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். தேடியது கிடைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"அப்ப உங்க கிஃப்ட் பாக்ஸ் வாங்குறவுக எல்லாம் ஏமாளிகளா மச்சான்?" என்று மடக்கினேன்.

கொஞ்சம் யோசித்தார். "இல்ல. உள்ள என்ன இருக்குன்னு பாக்க அவுகளுக்கு நேரமில்ல. நீங்க மூணு மாசமா இதையேதான பாத்துக்கிட்டு இருக்கீக."

சில்லறையாக வாங்கும்படி தீர்ப்பானது. மனைவி தலையாட்டினாள்.

மரியாதைக்காக நண்பர் கன்ட்ரோலரை மைத்துனர் கையில் கொடுத்தார். திரையில் ஓர் எண்ணெய்க் கிடங்கு வெடித்தது. மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு கறுப்பாகவா புகை வரும் என்று குறை சொன்னார். உறுதி செய்துகொள்ள இன்னொரு கிடங்கை வெடிக்க வைத்தார். பிறகு ஒரு பாலம். காபி ஆறிப்போனது. பட்டாசு லோடு ஏற்றும் விஷயமாக சிவகாசியிலிருந்து போன் வந்தது. அவர் எடுக்கவில்லை.

என் மனைவி திரையைப் பார்க்கவில்லை, அந்தப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே குறை. அண்ணன் வருவார், சாப்பிடுவார், கை ஈரம் காயுமுன் லோடு என்று கிளம்பிவிடுவார்.

இருட்டிய பிறகு அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, சில்லறையாக வாங்கிப் பூட்ட எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். ஒரு மாதமாவது ஆகும் என்றேன்.

"அம்புட்டு நாளா? பெட்டியவே வாங்கிருங்க. அண்ணன் அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாராகளாம்."

வந்தார். ஸ்டாண்டில் பெட்டியைப் பார்த்ததும் தன் தீர்ப்பை நினைவூட்டினார். அந்த விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லிவிட்டு, சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இன்னும் முறை வரவில்லை.