வீடு ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?

போன மாதம் ஆன்லைன் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டபோதே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இந்தத் தடவையும் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை என்றால், இனி எந்தக் கூட்டத்திலும் பேசப்போவதில்லை. கோபம்தான், வேறென்ன. முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசிவிட்டு, பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களைப் பார்த்து நன்றி சொல்வது அலுத்துவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, அடுப்படியில் சாம்பார் தாளிக்கிறார்களா, யாருக்குத் தெரியும்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். பல வருடங்களுக்கு முன் என் முதல் பேச்சில் நான் செய்த தப்பை, இந்தத் தடவை தெரிந்தே மறுபடியும் வைத்தேன். உண்மையில் கவனிக்கிற தாம்பரத்து ஆள் ஒருவர் இருந்தால் போதும், கேட்காமல் விடமாட்டார்.

அந்த முதல் பேச்சு தாம்பரத்தில் ஒரு கல்லூரி வகுப்பறையில் நடந்தது. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் முப்பது பேர் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கூடுவோம். குழந்தைக்காக வேலையை விட்டு, மூன்று வருடம் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். இடங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் பற்றிப் பேச்சு. வீடு, கடை, பஸ் ஸ்டாப் எல்லாவற்றையும் புள்ளிகளாகப் போட்டு வைத்தால், இதற்குப் பக்கத்தில் எது என்று கேட்டதும் அது சொல்லிவிடும். என் வீட்டையே புள்ளியாக வைத்து, பக்கத்து மெடிக்கல் ஷாப் எது என்று கேட்டேன். திரையில் சட்டென்று ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. "முந்நூறு மீட்டர்!" என்று பெருமையாகச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். பல்லாவரத்திலிருந்து வருகிறவர். எப்போதும் சமோசா வந்த பிறகுதான் உள்ளே நுழைவார்.

"மேடம், உங்க வீடு ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?"

"ஈஸ்ட்."

"கடை வெஸ்ட்ல இருக்கே. நடுவுல தண்டவாளம் இருக்கு மேடம். பறந்தா போவீங்க?"

வகுப்பே சிரித்தது. டேட்டாபேஸ் நேர்கோட்டில் அளந்துவிட்டது. நடப்பதென்றால் ஸ்டேஷன் வரை போய், படியேறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப அவ்வளவு தூரம் வர வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அந்தப் படிகளில் மூச்சிரைக்க ஓடியவள் நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ரயிலே மறந்துபோயிருக்கிறது! அழுகை முட்டியது. "அவ்ளோதான் சார் எனக்குத் தெரியும். உட்கார்ந்துடட்டுமா?" என்றேன் வெடுக்கென்று.

"அய்யோ, கோச்சுக்காதீங்க. வாங்க, சேர்ந்து சரி பண்ணலாம்" என்று அவரே எழுந்து வந்து போர்டில் தண்டவாளத்தை வரைந்தார். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். கோடு தண்டவாளத்தை வெட்டினால் அந்தக் கடையையே விட்டுவிடு என்றார் ஒருவர். அதெல்லாம் ஆகாது, தெருக்களையும் டேட்டாபேஸில் ஏற்றித் தெரு வழியாகத்தான் அளக்க வேண்டும் என்றார் கேளம்பாக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா. சரி, படியேறி இறங்க எத்தனை நிமிடம் என்று எழுதுவது? யாருக்கும் தெரியவில்லை. ஏழு பேர் லேப்டாப் பையோடு ஸ்டேஷனுக்கே கிளம்பிவிட்டோம். போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். படியோரம் கொய்யா விற்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாபா, எதுனா தொலைச்சிட்டீங்களா? மேலயும் கீழயும் நடந்துகினே கீறீங்க?"

சிரித்துச் சிரித்து, அங்கேயே நின்று கொய்யா வாங்கித் தின்றோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அசடு வழிந்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. பிறகு மற்றவர்கள் ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள், கூட்டமும் திரைக்குள் போய்விட்டது.

போன மாதம் அதே சிவப்புக் கோட்டைக் காட்டினேன். அதே முந்நூறு மீட்டரைச் சொன்னேன். கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். ஒரு கட்டமும் அசையவில்லை. மிச்சத்தையும் பேசி முடித்தேன். கூட்டத்தை நடத்துகிறவர், "கேள்வி ஏதாவது? இல்லையா? அப்போ மேடமுக்கு நன்றி" என்றார். லேப்டாப்பை மூடக் கை வைத்துவிட்டேன்.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்.

"மேடம், ஒரு டவுட். உங்க வீடு ஈஸ்ட்டா, வெஸ்ட்டா? நான் வெஸ்ட், அம்மா வீடு ஈஸ்ட். கைக்குழந்தையோட டெய்லி அந்தப் படி ஏறி இறங்கறேன், அதான் கேட்டேன்."

கண் கலங்கிவிட்டது. நேரமாகிவிட்டது என்று நடத்துகிறவர் சொன்னதை நான் காதில் வாங்கவேயில்லை.

"ஈஸ்ட்தாம்மா" என்றேன். "மைக்கை ஆன் பண்ணுங்க. சேர்ந்து சரி பண்ணலாம்."